ஒரு ரூபாக் குத்தியை நிறுத்தலாம், அந்த மிச்சக் காசு யாருக்கு?

2025 நவம்பர் 12ஆம் திகதி அமெரிக்கா தன்னுடைய ஒரு சதக் குத்தியை (நாணயத்தை) பிலடெல்பியாவில் கடைசித் தடவையாக அடித்தது. 1793இலிருந்து அடித்து வந்த காசு. ஒரு குத்தியை அடித்து வெளியே விட 3.69 சதம் செலவாகிறது, அதன் பெறுமதியோ ஒரு சதம், அப்புறம் ஏன் அடிக்க வேண்டும் என்பதுதான் அவர்களுடைய கணக்கு. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு எங்கள் ஆட்கள் பலர் 'அமெரிக்காக்காரனே நிப்பாட்டிப்போட்டான்' என்று சொல்லிக்கொண்டு போனார்கள். ஆனால் ஒரு டொலர் 300 ரூபாவைத் தாண்டி நிற்கிற நிலையில் அமெரிக்கா கைவிட்ட அந்த ஒரு சதத்தின் பெறுமதி எங்கள் காசில் சுமார் 3 ரூபா என்பதை எத்தனை பேர் யோசித்தார்கள் தெரியவில்லை. இலங்கையில் எங்களிடம் அதைவிடக் குறைந்த பெறுமதியோடு இரண்டு குத்திகள் இன்னமும் இருக்கின்றன, 1 ரூபாவும் 2 ரூபாவும்.

சரி, இருக்கின்றன என்று சொல்லலாமா என்பதே ஒரு கேள்விதான். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலோ திருநெல்வேலிச் சந்தையிலோ ஒரு நாள் முழுக்கக் காசு மாற்றித் திரிந்தாலும் கைக்கு வருகிற 1 ரூபாக் குத்திகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். 2 ரூபா கொஞ்சம் பரவாயில்லை. உண்மையில் ஓடுவது 5, 10, அதோடு 2021இல் மத்திய வங்கியின் 70ஆம் ஆண்டு நிறைவுக்கு வெளியிட்ட ஏழு பக்க 20 ரூபாக் குத்தி எப்போதாவது. போதாக்குறைக்கு 2017இல் வந்த தொடரில் 1, 2, 5, 10 எல்லாமே ஒரே வெள்ளி நிறத்தில் வந்துவிட்டன. முன்பு 5 ரூபா மஞ்சளாக, 2 ரூபா வெள்ளையாக இருக்கும், இருட்டிலும் பிரித்து எடுக்கலாம், 10 ரூபாவுக்குப் பதினொரு பக்கம் இருந்ததால் தடவிப் பார்த்தே சொல்லிவிடலாம். இப்போது பின்னேர பஸ்ஸில் கண்ணாடி போடாத வயதான ஒருவர் கையில் இருப்பது இரண்டா ஐந்தா என்று விளிம்பைத் தடவிக்கொண்டே நிற்கிறார்.

இப்படித் தேய்ந்து போவது எங்களுக்குப் புதிதும் அல்ல. 1872இல் இலங்கையில் ரூபாவும் சதமும் பத்தின் கணக்குக்கு வந்தன. அதற்குப் பிறகு நூறு வருடத்துக்கு மேலாக சதம்தான் சனத்தின் காசு. நாற்சதுரமான 5 சதம், பூவிதழ் போல் வளைந்த விளிம்புள்ள 2 சதமும் 10 சதமும், ஊதினால் பறந்துவிடும் போலிருக்கும் அலுமினியம். இவற்றை யாரும் ஒரு நாள் குறித்து 'இனிச் செல்லாது' என்று அறிவிக்கவில்லை. வாங்குகிறவர் வாங்க மறுத்தார், கொடுக்கிறவர் கொடுக்க வெட்கப்பட்டார், அவ்வளவுதான். 25 சதமும் 50 சதமும் அதே வழியில் போயின. சட்டம் அவற்றைச் சாகடிக்கவில்லை, கடை மேசைதான் சாகடித்தது. இப்போது 1 ரூபாவும் 2 ரூபாவும் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருக்கின்றன. அதனால் 'சிறு குத்திகளை நிறுத்தலாமா' என்ற கேள்வியை இங்கே வேறு மாதிரித்தான் கேட்க வேண்டும். தானாகவே நின்றுகொண்டிருக்கிற ஒன்றுக்கு ஒரு ஒழுங்கு வேண்டுமா வேண்டாமா? வேண்டும் என்பது என் கட்சி. காரணத்தைச் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒன்றைப் பிரித்துப் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் 'நிறுத்துவது' என்ற ஒரே பேச்சுக்குள் மூன்று வேறு வேலைகள் கிடக்கின்றன. புதிதாக அடிப்பதை நிறுத்தலாம். வங்கிகள் வழியாக வெளியே விடுவதை நிறுத்தி, திரும்பி வருவதை வாங்கி வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது, இந்தத் திகதிக்குப் பிறகு செல்லாது என்று அறிவிப்பது. இந்தியா 2011 ஜூன் 30இல் 25 பைசாவுக்கும் அதற்குக் கீழேயும் செய்தது இந்த மூன்றாவதை. கனடா முதல் இரண்டோடு நின்றுகொண்டது: 2012 மே 4இல் கடைசி ஒரு சதக் குத்தியை அடித்தார்கள், 2013 பெப்ரவரி 4இலிருந்து வங்கிகளுக்குக் கொடுப்பதை நிறுத்தினார்கள், ஆனால் அந்தக் காசு இன்றைக்கும் செல்லும். அவுஸ்திரேலியா 1992இலிருந்து 1 சதத்தையும் 2 சதத்தையும் திரும்ப எடுக்கத் தொடங்கியது, உருக்கிய உலோகத்தில் ஒரு பங்கு 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கின் வெண்கலப் பதக்கங்களுக்குப் போனது. எங்கள் கடைகளின் மேசை லாச்சிக்குள் கிடக்கிற 2 ரூபாவுக்கு அந்த யோகம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அடிக்கிற செலவு பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒரு குத்தி இருபது முப்பது வருடம் ஓடினால் அடித்த செலவு அதன் முகப்பெறுமதியை மிஞ்சினாலும் அரசுக்குப் பெரிய நட்டமில்லை, கை மாறிக்கொண்டே இருக்கிற தாளை விட அது நின்று பிடிக்கும். பிரச்சினை, இந்தச் சிறு குத்திகள் ஓடுவதில்லை. மத்திய வங்கி வெளியே விடுகிறது, ஒரு தடவை கை மாறுகிறது, பிறகு உண்டியலுக்கோ போத்தலுக்கோ மேசை லாச்சிக்கோ போய்ப் படுத்துவிடுகிறது. அதை ஈடுகட்ட இன்னும் கொஞ்சம் அடித்து விட வேண்டியிருக்கிறது. ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற வேலை. அமெரிக்காவில் 3.69 சதச் செலவு ஆத்திரத்தைக் கிளப்பியதும் இதனால்தான், அடித்ததில் பெரும் பங்கு திரும்பி வரவே இல்லை.

உண்மையான விசயம் மட்டந்தட்டுவது, அதாவது ஒரு தொகையைக் கிட்டிய 5க்கோ 10க்கோ கொண்டுபோவது. பள்ளிக்கூடத்தில் கணிதப் பாடத்தில் படித்த அதே மட்டந்தட்டல்தான். சிறு குத்தி இல்லாமல் போனால் விலை எப்படியும் ஏதோ ஒரு பக்கம் மட்டந்தட்டப்படும். எந்தப் பக்கம் என்பதை யார் தீர்மானிப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கனடாவில் அதற்கு ஒரு ஒழுங்கு சொல்லிக் கொடுத்தார்கள். பில்லின் மொத்தத் தொகை 1, 2 இல் முடிந்தால் கீழே 0க்கு, 3, 4 இல் முடிந்தால் மேலே 5க்கு, 6, 7 இல் முடிந்தால் கீழே 5க்கு, 8, 9 இல் முடிந்தால் மேலே 10க்கு. நான்கு இலக்கம் வாங்குகிறவருக்கு லாபம், நான்கு இலக்கம் கடைக்காரருக்கு லாபம். ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனியாகத் தட்டுவதில்லை, மொத்தத்துக்கு ஒரு தடவைதான், அதுவும் வரி சேர்த்த பிறகு. முக்கியமானது, காசாகக் கொடுத்தால் மட்டும்தான். அட்டையில் கட்டினால் சதக் கணக்கு அப்படியே நிற்கும். ரொறன்ரோவிலிருந்து நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிற எங்கள் சொந்தக்காரர்களுக்கு இது பழகிப்போன விசயம், விளக்கம் கேட்டால் 'அது தன்ரை பாட்டில நடக்குது' என்பார்கள். சுவிஸில் இருந்து வருகிறவர்களைக் கேட்டால் இன்னும் பழைய கதை, அங்கே ஆகச் சிறிய குத்தியே 5 ரப்பன்தான் (ரப்பன் என்பது அவர்களுடைய சதம்).

இப்போது இதே கணக்கை எங்கள் பஸ்ஸில் போட்டுப் பாருங்கள். 2022 ஜூலையில் குறைந்தபட்ச பஸ் கட்டணம் 40 ரூபா வரை ஏறியது, பிறகு படிப்படியாக இறங்கி 28, 2024 ஒக்ரோபரில் 27. 27 ரூபா! தேசியப் போக்குவரத்து ஆணைக்குழுவின் கணக்கில் எரிபொருள், டயர், சம்பளம் எல்லாவற்றையும் போட்டுப் பெருக்கி வகுத்து வந்த எண் அது, பிழை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த எண்ணுக்கு ஏற்ற குத்தி பஸ்ஸில் யாரிடமும் இல்லை. 30 ரூபா கொடுத்தால் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

'அண்ணை, மிச்சம்?'

'சில்லறை இல்லைத் தம்பி, இறங்கேக்க வாங்கும்.'

இறங்கும்போது மற்றக் கதவால் இறங்கச் சொல்லி விசில் அடிபடும். அந்த மூன்று ரூபாவுக்காக யார் நின்று சண்டை பிடிப்பது? பிடித்தால் பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேரும் உங்களைத்தான் பார்ப்பார்கள், மூன்று ரூபாவுக்கு மூக்கால் அழுகிறான் என்று.

மட்டந்தட்டுகிற ஒழுங்கு ஒன்று இருந்திருந்தால் 27 என்பது 25க்குத்தான் இறங்க வேண்டும். நடைமுறையில் அது 30க்கு ஏறுகிறது. ஒழுங்குப்படி பயணி 2 ரூபா மிச்சம் பிடிக்க வேண்டிய இடத்தில் 3 ரூபா கூடக் கொடுக்கிறார். ஒரு நாளைக்குப் போகவும் வரவும் என்று இரண்டு தடவை, மாதத்தில் 25 நாள் என்று வைத்தால் 150 ரூபா, வருடத்துக்கு 1,800 ரூபா. குருநகரிலிருந்தோ கோப்பாயிலிருந்தோ ரவுணுக்குக் கடை வேலைக்கு வந்து போகிற பிள்ளைக்கு அது சின்னக் காசில்லை. சொந்த மோட்டார் சைக்கிளில் போகிறவனுக்கு இந்த இழப்பு இல்லவே இல்லை, அவன் பெற்றோல் நிலையத்தில் 'ஆயிரத்துக்கு அடியுங்கோ' என்பான், லீற்றர் 299 ரூபாவாக இருந்தால் என்ன 305ஆக இருந்தால் என்ன, ஆயிரத்துக்கு எவ்வளவு வருமோ அவ்வளவு. சில்லறைத் தட்டுப்பாடு காசாகவே எல்லாவற்றையும், அதுவும் சிறு தொகைகளாக வாங்குகிறவனின் தலையில்தான் விழுகிறது.

நடத்துனரைத் திட்டி மட்டும் முடித்துவிட முடியாது. அவரும் காலையில் பையில் சில்லறை இல்லாமல்தான் பஸ்ஸில் ஏறுகிறார். முதல் பத்துப் பேரும் 100 ரூபாத் தாளை நீட்டினால் அவர் எங்கே போவார்? வங்கியில் போய்ச் சில்லறை கேட்டு வரிசையில் நிற்க நேரமில்லை, நின்றாலும் கேட்ட அளவு கிடைக்கும் என்று இல்லை. கோவில் உண்டியல் எண்ணுகிற நாள் பார்த்துக் கடைக்காரர்கள் போய்க் குத்திகளைத் தாளுக்கு மாற்றி வருவது இங்கே வழக்கமான விசயம். அங்கே மூட்டையாகக் கிடைப்பதும் பெரும்பாலும் 5உம் 10உம்தான்.

கடைகளில் இதே கதை வேறு வேசத்தில் நடக்கிறது. மிச்சம் 3 ரூபாவுக்கு ஒரு ரொபி. வேண்டாம் என்று சொன்னால் கடைக்காரர் முகம் கோணும். பார்த்தால் சின்னப் பரிமாற்றம், ஆனால் கடைக்காரர் அந்த ரொபியை மொத்த விலையில் வாங்கியிருப்பார், உங்களுக்குச் சில்லறை விலையில் தருகிறார், நீங்கள் கேட்கவும் இல்லை. அதாவது மிச்சக் காசையும் வைத்துக்கொண்டு அதில் ஒரு வியாபாரமும் நடக்கிறது. திருப்பி நீங்கள் பத்து ரொபியைச் சேர்த்துக் கொண்டுபோய் ஒரு சவர்க்காரம் கேட்டுப் பாருங்கள், தருவாரா? பெரிய சுப்பர்மார்க்கெட்டுகளில் 18 வீதப் பெறுமதி சேர் வரி எல்லாம் உள்ளடங்கி, பில்லின் கடைசியில் சதக் கணக்கு வரும், 1,846.35 என்று. இல்லாத குத்திகளில் விலை சொல்கிற பில் அது. அட்டையில் கட்டினால் 35 சதமும் சரியாகப் போகும். காசில் கட்டினால் காசாளர் மனம் போல. சிலர் நியாயமாகக் கீழே தட்டுவார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

ஒழுங்கு கொண்டுவந்தால் விலை ஏறாதா என்று ஒரு பயம் எப்போதும் வரும். அமெரிக்காவில் இதைப் பற்றிப் பொருளியலாளர்கள் இரண்டு கட்சியாக நின்றார்கள். 2001இல் ரேமண்ட் லொம்ப்ரா கடைகள் 9இல் முடியும் விலை வைப்பதால் சனத்துக்கு நட்டம் வரும் என்று எழுதினார். 2007இல் ரொபேட் வேப்பிள்ஸ் உண்மையான கடைப் பில்களை எடுத்துப் பார்த்து, பல சாமான் சேர்ந்து வரி போட்ட பிறகு கடைசி இலக்கம் எங்கும் விழலாம், மேலும் கீழும் ஏறக்குறைய சமனாகிறது என்றார். கனடாவில் நடைமுறைக்கு வந்த பிறகு 2017இல் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக மாணவி ஒருவர் பலசரக்குக் கடைகளைக் கணக்கிட்டு, மட்டந்தட்டலால் கடைகளுக்கு வருடத்துக்கு நாடு முழுவதும் 32 லட்சத்து 70 ஆயிரம் டொலர் அளவில் மேலதிகமாகப் போகிறது என்று கண்டார். கேட்கப் பெரிதாக இருக்கும். கடை ஒன்றுக்குப் பிரித்தால் வருடத்துக்குச் சுமார் 157 டொலர். அதாவது கொஞ்சம் கடைக்காரர் பக்கம் சாய்கிறது, ஆனால் மிகக் கொஞ்சம். எங்கள் பஸ்ஸிலே நடப்பதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை, இங்கே தராசு முழுக்க ஒரு பக்கம்தான்.

ஒரு சாமான் மட்டும் வாங்குகிற இடத்தில் ஒழுங்கும் ஏமாற்றக்கூடும், இதை மறைக்கக் கூடாது. விலையை 48 என்று வைத்தால் எப்போதும் 50தான். பேக்கரிக்காரர் இதைப் பிடித்துக்கொள்ள அதிக நாள் எடுக்காது. ஆனால் பாருங்கள், எங்கள் தேத்தண்ணிக் கடைகளில் பிளேன்ரீயும் வடையும் ஏற்கனவே 10ஆல் பிரிபடும் விலையில்தான் விற்கின்றன. சின்னக் கடைக்காரர் எப்போதோ மட்டந்தட்டி முடித்துவிட்டார். 27, 1,846.35 மாதிரியான எண்களை இன்னமும் எழுதிக்கொண்டிருப்பது அரச கட்டணப் பட்டியல்களும் பெரிய கடைகளின் கணினியும்தான்.

அயர்லாந்து செய்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. முழு நாட்டுக்கும் ஒரேயடியாகப் போடாமல் 2013இல் வெக்ஸ்போர்ட் என்ற ஒரு ஊரில் சில கிழமைகள் சோதித்துப் பார்த்தார்கள், சனமும் கடைக்காரர்களும் சரி என்றதும் 2015 ஒக்ரோபரில் நாடு முழுக்கக் கொண்டுவந்தார்கள். யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, 1 சதமும் 2 சதமும் செல்லாமல் போகவும் இல்லை, வேண்டுமென்றால் சரியான மிச்சத்தைக் கேட்கலாம். யாழ்ப்பாணம் இப்படியான ஒரு சோதனைக்குப் பொருத்தமான இடம். ஒரு மத்திய பஸ் நிலையம், ஒன்றை ஒன்று தெரிந்த கடைகள், இந்த ஒழுங்கை ஏற்கனவே வெளிநாட்டில் கண்ட சொந்தங்கள். கொழும்பில் செய்தால் யார் கவனிக்கிறார்கள் என்று தெரியாமலே முடிந்துவிடும்.

செல்லாது என்று மட்டும் அறிவிக்கக் கூடாது, இதில் நான் பிடிவாதம். நல்லூர்க் கந்தசுவாமி கோவிலில் அர்ச்சனைச் சீட்டு இன்றைக்கும் 1 ரூபாதான். உலகத்தில் எல்லாம் விலை ஏறியும் அது ஏறவில்லை, ஏற்றவும் மாட்டார்கள் என்று ஊரில் ஒரு பெருமையே உண்டு. 25 நாள் திருவிழாவில் எத்தனை பேர் அந்த ஒரு ரூபாவோடு வரிசையில் நிற்கிறார்கள்! வீடுகளில் நேர்த்தி வைத்து மஞ்சள் துணியில் முடிந்த குத்தியும் உண்டு, நேர்த்தி நிறைவேறும் வரைக்கும் அது சாமி அறையிலேயே இருக்கும், நாலு வருடம் கழித்து அவிழ்க்கும்போது 'செல்லாக் காசு' என்று சொன்னால் என்ன செய்வது? கனடா மாதிரி, அடிப்பதை நிறுத்தட்டும், வங்கி திரும்ப எடுக்கட்டும், ஆனால் கோவிலுக்கும் கிழவி காசு சேர்க்கிற ரின்னுக்கும் அது காசாகவே இருக்கட்டும்.

அதோடு சட்டப்படி செல்லும் என்பதும் கடையில் செல்லும் என்பதும் வேறு என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு பாடம் இருக்கிறது. அங்கே 10 ரூபாய் நாணயம் போலி என்று ஒரு வதந்தி கிளம்பி, கடைக்காரர்கள் வாங்க மறுத்து, 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி 14 வடிவங்களும் செல்லும் என்று அறிக்கை விட வேண்டி வந்தது. அதற்குப் பிறகும் பல ஊர்களில் தயக்கம் போகவில்லை. ஆகவே அறிவிப்பைத் தெளிவாக, தமிழிலும் சிங்களத்திலும், பஸ்ஸிலும் கடையிலும் ஒட்டுகிற மாதிரிப் போடாவிட்டால் 1 ரூபாவை நிறுத்தப் போய் 5 ரூபாவையும் சனம் வாங்க மறுக்கிற நிலை வரும்.

இனி, கியூஆர் வந்துவிட்டதே, சில்லறையே தேவையில்லையே என்பவர்களுக்கு: கைபேசியால் காசு கட்டுகிற லங்காகியூஆர் கடைகளில் ஒட்டியிருக்கிறது, 2024 பெப்ரவரியிலிருந்து இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் தங்கள் யூபிஐயால் ஸ்கான் பண்ணியே கட்டலாம், எல்லாம் நல்லது. ஆனால் சுன்னாகம் சந்தையில் கீரைக் கட்டு விற்கிற அம்மாவுக்கு நாலு கட்டுக்கும் நாலு குறுஞ்செய்தி பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. காசு இன்னும் நெடுநாள் இருக்கும்.

செய்யக்கூடியதில் ஆகச் சுலபமானது மத்திய வங்கியின் கையில்கூட இல்லை. ஒவ்வொரு வருடமும் ஜூலையில் பஸ் கட்டணம் திருத்தப்படுகிறது. அந்தப் பட்டியலில் உள்ள எல்லா எண்களையும் 5ஆல் பிரிபடுகிற மாதிரிப் போட்டால் பாதிப் பிரச்சினை அன்றைக்கே முடிந்தது. 25 ஆக்குவதா 30 ஆக்குவதா என்று சண்டை வரும், வரட்டும், வெளிப்படையாக வரட்டும். 27 என்று எழுதிவைத்து 30 வாங்குவதில் அந்த மூன்று ரூபா யாருடைய கணக்கிலும் இல்லை, வரியும் இல்லை, சீட்டும் இல்லை. கட்டணம் 30 என்றால் 30 என்று எழுதட்டும், நான் கொடுக்கிறேன்.

மட்டந்தட்டுகிற விதியை எழுதும்போது ஒன்றில் கவனம் வேண்டும். '5 ரூபாவுக்கு' என்று எண்ணைப் போட்டு எழுதக் கூடாது, ஏனென்றால் குத்தியின் பெறுமதி தேய்ந்துகொண்டே போகும். 2012இல் கனடா ஒரு சதத்தைக் கைவிட்டபோது டொலர் சுமார் 130 ரூபா, அந்தச் சதம் எங்கள் காசில் ஒரு ரூபாவும் கொஞ்சமும். 2022இல் பணவீக்கம் செப்ரெம்பரில் 69.8 வீதம் வரை போனது, அந்த ஒரு வருடமே பல குத்திகளின் உயிரை எடுத்துவிட்டது. இப்போது மத்திய வங்கியின் இலக்கு 5 வீதம், அது சரியாகவே நடந்தாலும் சுமார் 14 வருடத்தில் விலைகள் இரட்டிக்கும், 5 ரூபாக் குத்தி இன்றைய இரண்டரை ரூபாவின் இடத்துக்கு வந்துவிடும். ஆகவே 'வங்கிகள் வழியாக வெளியிடப்படும் ஆகச் சிறிய குத்திக்கு மட்டந்தட்ட வேண்டும்' என்று எழுதினால் போதும். 5 ரூபாவின் முறை வரும்போது இன்னொரு சட்டமும் வேண்டாம், இன்னொரு பத்து வருடம் நடத்துனரோடு தர்க்கமும் வேண்டாம்.